நான் கேட்டது அவன் நட்சத்திரத்தை

2025 ஜூலை 22, செவ்வாய்

காலையில் மழை இல்லை. போஞ்சிக் கொடிக்கு நாலு வரிசை குச்சி நட்டேன். முழங்கால் இரண்டு வரிசைக்குத்தான் சம்மதித்தது. மற்ற இரண்டும் அதைக் கேட்காமல் நட்டது.

ஆடி வெள்ளிக் கூழுக்குப் பொருள் சேர்க்கிற பொறுப்பு இந்த வருடமும் எனக்குத்தான். கோயில் கூட்டத்தில் பாலாம்பிகை, "அக்காவுக்கு வயசாகிருச்சு, வேற ஆளுகிட்ட குடுப்போமே" என்றாள். அறுபத்தெட்டு ஒரு வயசா? "உனக்கு நான் நாலு வயசுதான்டி மூப்பு, நீ என்னமோ நேத்து சடங்கானவ மாதிரி பேசுற" என்றேன். பூசாரியே சிரித்துவிட்டார். கணக்குக் கொப்பி என் கைக்கே வந்தது. கொடுத்தவர் பெயர், நட்சத்திரம், கொடுத்த பொருள் மூன்றையும் எழுத வேண்டும். கடைசி வெள்ளியில் பூசாரி அந்தப் பெயர்களை வாசித்துத்தான் அர்ச்சனை செய்வார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் எழுத்தைப் பூசாரி கண்ணாடி போடாமல் வாசிப்பார்.

மகன் ஜெயராஜ் போனில் பேசினான். "பெரஹரா திருவிழா தொடங்குதும்மா, கடையில லீவு கேக்க ஏலாது."

"நான் கேக்கலையேப்பா. வேலையைப் பாரு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

எப்போதும் இதைத்தான் சொல்கிறேன்.


ஜூலை 26, சனி

கூழுக்கு அரிசி தருவதாகக் கண்டி முதலாளி ஒருவர் பூசாரியிடம் சொல்லியிருந்தார். இன்று பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. நான் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மட்டை பிளந்துகொண்டிருந்தேன். இரண்டு பையன்கள் இறங்கினார்கள். ஒருத்தன் கையில் பெரிய பை, மற்றவன் கையில் போன்.

"கண்டியில இருந்து வர்றோம் பாட்டி. இதை வச்சுக்கோங்க."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். அம்மனுக்கு வந்த பொருள் ஆயிற்றே. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பக்கத்து வெளியடுப்பின் புகை வேறு, கண் கலங்கியிருந்தது. "ஒங்க பேரு என்ன தம்பி? நட்சத்திரம் என்ன?" என்று கேட்டேன். பையன் முழித்தான். கிருஷாந்தனாம். நட்சத்திரம் தெரியாதாம். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, இல்லைன்னா அர்ச்சனை செய்ய முடியாது" என்றேன். மற்றவன் விடாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலாளியிடம் காட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். அவசரம் என்று போய்விட்டார்கள்.

பையைத் திறந்தால் அரிசி, பருப்பு, சீனி, பால்மா, நூடில்ஸ். கூழில் நூடில்ஸ் யார் போடுகிறார்கள்? டவுன் ஆள்களுக்குக் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்றே தெரியவில்லை. நூடில்ஸ் பிள்ளைகளுக்கு ஆகும். எல்லாவற்றையும் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். கொப்பியில் பெயர் எழுதி, நட்சத்திரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.


ஜூலை 28, திங்கள்

கண்டி முதலாளியின் அரிசி மூட்டை இன்று ஓட்டோவில் வந்தது. அவர் பெயர், நட்சத்திரம் எல்லாம் கடுதாசியில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

அப்படியென்றால் சனிக்கிழமை வந்த பையன் யார்?


ஜூலை 30, புதன்

தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு சஞ்சீவனி, பாலர் பள்ளி டீச்சர், மத்தியானம் போனோடு வந்தாள். "அக்கா, கோவிக்காதீங்க, இதப் பாத்தீங்களா?" என்றாள். ஒரு நிமிடம் கூட இல்லாத படம். விறகுக் கொட்டில்தான் தெரிகிறது. அது என் வீடாம். பின்னால் இருக்கிற சிமெந்து வீடு, ஜன்னல், ஜெயராஜின் அப்பா கையால் வைத்த ரோஜா எதுவும் இல்லை. நான் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றுகிறேன். அந்த இடத்தில் படம் மெதுவாக ஓடுகிறது. பிறகு என் கண் மட்டும் பெரிதாக வருகிறது. பின்னால் யாரோ புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். அந்தப் பையன் குரல் சொல்கிறது: பெற்ற பிள்ளை கைவிட்ட தாய். மூன்று நாளாகச் சோறு இல்லை. இந்தக் கண்ணீரைப் பாருங்கள். உதவ விரும்புகிறவர்கள் கீழே இருக்கிற நம்பருக்கு.

என் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவன் நட்சத்திரத்தைக் கேட்கிறேன்.

மூன்று நாளாகச் சோறில்லையா? அன்றைக்குக் காலையில் நான்கு ரொட்டி தின்றேன். கட்டைச் சம்பலோடு!

முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். எடையில் ஒரு றாத்தல் குறைத்துப் போட்டால் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றவள் நான். அவர் செத்த வீட்டுச் செலவுக்குக்கூட யாரிடமும் கைநீட்டியதில்லை. இப்போது எங்கள் கலஹா முழுக்க, கண்டி முழுக்க, எங்கெங்கேயோ, நான் கைநீட்டி நிற்கிறேன். திரும்பத் திரும்ப நிற்கிறேன். முடிந்த உடனே தானாக மறுபடி தொடங்குகிறது அந்தப் படம்.

"எத்தன பேரு பாத்திருக்காங்க?" என்று கேட்டேன். சஞ்சீவனி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். ஆறு லட்சம்.


ஜூலை 31, வியாழன்

படத்துக்குக் கீழே ஆள்கள் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டு என்றேன். சஞ்சீவனி மாட்டேன் என்றாள். நான்தான் வற்புறுத்தினேன்.

இந்த மகன் நன்றாக இருப்பானா. அவன் பிள்ளையும் அவனை இப்படித்தான் விடும். நாசமாய்ப் போவான். பெயர் என்ன, எங்கே வேலை, கண்டுபிடியுங்கள்.

ஜெயராஜை ஒரு நாளும் பார்த்திராதவர்கள். அவனுக்குக் குளிர் காய்ச்சல் வந்தபோது பேராதெனிய ஆஸ்பத்திரிக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். நானே அவனை ஒரு வார்த்தை சபித்ததில்லை. இவர்கள் யார்?

ஐந்து மணிக்கு அவனே பேசினான்.

"ஏம்மா அதை வாங்குனீங்க?"

"கோயிலுக்குன்னு நெனச்சேன்டா."

"நான் காசு அனுப்புறது பத்தலையா?"

"டேய், கோயிலுக்குன்னு நெனச்சேன்னு சொல்றேன்."

"கடையில முதலாளி எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. ஜெயராஜ், இது ஒன்ட அம்மா தானேன்னு. கஸ்டமர் ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்துட்டு போனைப் பாக்குறான்." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "அவன்கிட்ட ஏதாவது சொன்னீங்களா? நான் வர்றதில்லன்னு?"

வைத்துவிட்டேன்.

அப்படிச் சொல்வேனா? இந்தக் கொப்பியில்கூட எழுதாததை, வேனில் வந்த ஒருத்தனிடம் சொல்வேனா?


ஆகஸ்ட் 2, சனி

எல்லோரும் வந்தார்கள். ஜெயராஜ், மருமகள் யசோதினி, பேத்தி நிலூஷா. குண்டசாலையிலிருந்து ஓட்டோ பிடித்தே வந்துவிட்டார்கள். அப்பிள், திராட்சை, புதுச் சேலை, கேக்.

பொங்கலுக்கு வந்தவன். ஏழு மாதம். காது ஓரத்தில் நரைத்திருக்கிறது. முகத்தைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். "இருங்கம்மா, முதல்ல இந்தச் சேலையைக் கட்டிட்டு வாங்க" என்றான்.

நாமும் ஒரு வீடியோ போட வேண்டுமாம். உண்மை எது என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம். சரி, நியாயம்தானே என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன். நான் உட்காரக் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். வீடு முழுக்கத் தெரிகிற மாதிரி நிலூஷா தள்ளி நின்று பிடித்தாள். ஜெயராஜ் பழப் பையோடு வர வேண்டும், காலைத் தொட வேண்டும், பையைக் கொடுக்க வேண்டும், நான் சிரிக்க வேண்டும்.

முதல் தடவை நாய் குறுக்கே வந்தது.

இரண்டாம் தடவை யசோதினி, "மாமி, கொஞ்சம் சந்தோசமா வாங்குங்களேன், மருந்து வாங்குற மாதிரி வாங்குறீங்க" என்றாள். நிலூஷா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது போனில் பிடிபடவில்லையாம்.

"அம்மா, இன்னொருக்கா. அதே மாதிரி சிரிங்க."

மூன்றாம் தடவையும் பையை நீட்டினான். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை. நிலூஷா கையில் இருந்த போனைப் பார்த்தது. போன சனிக்கிழமை அந்தப் பையனும் இதே மாதிரித்தான், என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு கொடுத்தான்.

"இதையும் கோயில்ல வச்சிறவாடா?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. பையைத் தரையில் வைத்தான். "என் மானத்துக்கு நான் என்னதான் செய்றது? நீங்களே சொல்லுங்க!" என்று கத்தினான். "நீ பாட்டுக்கு கைய நீட்டிட்ட. தெருவுல பேச்சு வாங்குறவன் நான்."

"நீ" என்றான் என்னை.

சோறு ஆக்கி வைத்திருந்தேன். நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றான். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நிலூஷா மட்டும் திரும்பி வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பிளை லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கேக்கையும்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிலூஷா பேசினாள். இரண்டாம் தடவை எடுத்ததையே போட்டாளாம். இருநூற்றிச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"மத்தது?"

"ஒம்பது லட்சம், அப்பாயி."

உண்மைக்கு இருநூறு பேர். அதிலும் பாதிப் பேர், பயந்து போய் நடிக்கிறார்கள், மகன் பிடிபட்டதும் பழம் வாங்கி வந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறார்களாம்.

அந்தக் கிருஷாந்தன் நம்பரை நிலூஷா தேடி எடுத்து, சஞ்சீவனி போனுக்கு அனுப்பினாள். நானே பேசினேன். மரியாதையாகத்தான் பேசுகிறான்.

"பாட்டி, உங்களை நான் கேவலப்படுத்தலையே. ஆள்கள் உங்க மேல எவ்வளவு அன்பா இருக்காங்க பாத்தீங்களா?"

"நான் பட்டினின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"அங்க எல்லாரும் கஷ்டப்பட்டவங்க தானே பாட்டி."

"என்னைய கேட்டியா?"

கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டான். எடுத்துவிடுகிறேன் என்றான். அரை மணியில் எடுத்தும்விட்டான், சஞ்சீவனி பார்த்தாள். ஆனால் அதற்குள் நாற்பது ஐம்பது பேர் அதை எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் புல்லாங்குழலுக்குப் பதிலாக ஒரு சினிமாப் பாட்டு. இன்னொன்றில் நான் எந்த ஊர் என்றுகூட இல்லை. இந்தியாவில் யாரோ ஒரு கிழவி என்று போட்டிருக்கிறதாம். அவர்களை எல்லாம் நான் எங்கே போய்த் தேடுவது?

ஜெயராஜ் பேசவில்லை.


ஆகஸ்ட் 9, சனி

நேற்று கூழ் நன்றாக வந்தது. ஒரு பானை கூட மிஞ்சவில்லை.

ஜெயராஜ் பேசவில்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

போஞ்சி பூத்திருக்கிறது. பதினொரு மணி போல ஓட்டோ ஒன்று வந்தது. மறுபடியுமா என்று கத்தியோடு வாசலுக்கு வந்தேன். உண்மையில் குழம்புக்கு வட்டக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

தாடி வைத்த ஒரு பெரியவர், முக்காடு போட்ட அவர் மனைவி. கையில் இரண்டு பை. போன் யார் கையிலும் இல்லை.

"உம்மா, நாங்க கலகெதர ஊர். என்ட பேர் றவூப், சின்னக் கட ஒண்டு வெச்சீக்கி. அந்தப் படத்தப் பாத்த நாள்ல இருந்து எங்கட வீட்டுப் பொம்புள சரியாச் சாப்பிடுற இல்ல. அந்த உம்மாவப் போய்ப் பாப்பமெண்டு ஒரே கரச்சல். தோட்டம் தோட்டமா விசாரிச்சு வந்த."

வீட்டைப் பார்த்தார். சிமெந்துத் தரையைப் பார்த்தார். டீவியைப் பார்த்தார். "பிழையான வீட்டுக்கு வந்துட்டமா?"

"வீடு சரிதாங்க. படம்தான் பிழை" என்றேன்.

உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டதைச் சொன்னபோது றவூப் விழுந்து விழுந்து சிரித்தார். "ஹராங்குட்டி, அவனுக்கு உம்மாட பேராவது தெரியுமா!" என்று அவனைத் திட்டினார். கோபமே வரவில்லை எனக்கு. நானும் சிரித்தேன். இந்த விசயத்தில் நான் மனம் விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், வட்டக்காய்க் குழம்பு. அவர் மனைவி மூன்று ரொட்டி சாப்பிட்டார். பாருங்கள், பல நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்றார் றவூப்.

அவர் ஓட்டோக்காரனோடு பேசப் போனதும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "மகன் வாறல்லயா?"

"வருவான். பெரஹரா சமயம், கடையில..." என்றேன். பெரஹரா முடிந்து மூன்று நாள் ஆகிறது. அது அவருக்கும் தெரியும்.

"எங்கட மகன் கட்டார்ல. ஆறு வருசம். போன்ல தான் மொகத்தப் பாக்கிற. வாங்க மகன் எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல. சொன்னா அவருக்கு மனசு கஷ்டம் எண்டு." முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "உண்மையச் சொன்னா, அந்தப் படத்துல நான் உங்களப் பாக்கல்ல. என்னையத்தான் பாத்த."

இரண்டு பையையும் திருப்பி அனுப்பிவிட்டேன், ஒரு பக்கட் பேரீச்சம்பழம் தவிர. அதை வாங்காவிட்டால் அந்தப் பெண் அழுதிருப்பார். பதிலுக்கு ஒரு வட்டக்காய் கொடுத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 13, புதன்

வேலை ஓடவில்லை. அந்தப் பெண் சொன்னதே மனதில் நிற்கிறது.

அந்தப் படத்தில் எல்லாம் பொய். வீடு பொய், பட்டினி பொய், கண்ணீரும் புகை. ஒன்று மட்டும்... எழுதத்தான் வேண்டும், என் கொப்பிதானே. ஜெயராஜ் வருவதில்லை. காசு மாதா மாதம் வருகிறது. அவன் வருவதில்லை. வா என்று நானும் கூப்பிட்டதில்லை. நல்லாத்தான் இருக்கேன், வேலையைப் பாரு. அவங்கப்பா போன பிறகு இந்த ஆறு வருடமாக ஒரே வசனம். அது கௌரவமா, திமிரா, எனக்கே தெரியவில்லை.

என்றைக்காவது ஒரு நாள் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இப்போது அதையும் சொல்ல முடியாமல் அந்தக் கிருஷாந்தன் ஆக்கிவிட்டான். நான் தனியாக இருக்கிறேன், வந்து போடா என்று இப்போது சொன்னால், ஆமாம், அவன் சொன்னது சரிதான் என்று ஆகிவிடாதா? ஒன்பது லட்சம் பேருக்கு முன்னால் என் மகனை நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா?

அரிசியைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போய்விட்டான் அந்தப் பையன்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி வெள்ளி. பூசாரி பெயர்களை வாசித்தார். கிருஷாந்தன் பெயரை வெட்டிவிடச் சொல்லி பாலாம்பிகை காலையிலேயே சண்டை. "அந்தக் கழிசறை பேரை அம்மன் காதுல போடுறதா?" அவளுக்கு என்மேல் இவ்வளவு பாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் வெட்டவில்லை. அரிசி அரிசிதான். அந்தக் கூழைப் பிள்ளைகள் குடித்தார்கள். நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பூசாரி சொல்கிற நட்சத்திரத்தையே சொல்லி முடித்தார்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு நானே ஜெயராஜுக்கு எடுத்தேன். மூன்று தடவை நம்பரை அமத்தி மூன்று தடவை வெட்டினேன். நாலாம் தடவை அவன் எடுத்துவிட்டான்.

"என்னம்மா, ஒடம்புக்கு ஏதுமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன?"

"ஒன்னைப் பாக்கணும் போல இருக்கு. வந்துட்டுப் போ. பை ஒண்ணும் கொண்டு வராத."

அந்தப் பக்கம் டீவி ஓடுவது கேட்டது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"அப்ப அவன் சொன்னது..." என்று தொடங்கினான்.

"அவன் சொன்னது பொய்யிடா. பசின்னு சொன்னான், பட்டினின்னு சொன்னான். எனக்கு அதெல்லாம் இல்ல. இது நான் சொல்றது. என் வாயால சொல்றேன். எனக்கு ஒன் ஞாபகமாவே இருக்கு."

இவ்வளவும் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"லீவு கேட்டுப் பாக்குறேன்" என்றான்.


ஆகஸ்ட் 18, திங்கள்

ஒன்றும் இல்லை. மழை.


ஆகஸ்ட் 20, புதன்

பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். தனியாக. கையில் குடை மட்டும். வேலை நாளில் மகன் நடந்து வருவதைப் பார்த்து பாலாம்பிகை ரோட்டில் நின்றே கத்தினாள். "என்ன ஜெயராஜ், இன்னைக்குப் படப்பிடிப்பு இல்லையா?"

"ஹீரோயின் இன்னும் சேலை மாத்தலையாம் அத்தை" என்றான் இவன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு நீன்னு பேசிட்டேன்" என்றான்.

"நீன்னுதான் பேசுவ. எட்டு வயசு வரைக்கும் அப்படித்தான் பேசுன."

போஞ்சியைப் போய்ப் பார்த்தான். குச்சி சாய்ந்திருக்கிறது என்று குறை சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டான். அவன் நட்டதுதான் சாய்ந்திருக்கிறது. கடையில் முதலாளி இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லையாம். வேறு யாரோ ஒருத்தர் வீட்டுச் சண்டை போனில் வந்துவிட்டதாம். எல்லோரும் அதைப் பார்க்கிறார்களாம்.

மத்தியானம் நெத்தலிக் குழம்பு, கீரை. இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றான். கையைக் கழுவிவிட்டு அப்படியே நடு வீட்டில் பாயைப் போட்டுப் படுத்தவன்தான். வாய் திறந்திருக்கிறது. அவங்கப்பா மாதிரியே குறட்டை.

நாலரை மணிக்கு எழுப்பச் சொன்னான். அவன் பிடிக்க வேண்டிய பேராதெனிய பஸ்ஸின் ஹோர்ன் கீழ் வளைவில் இப்போதுதான் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்.

தூங்கட்டும்.